தூக்கம் கெடவில்லை, நேரம்தான் கெட்டிருக்கிறது: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மணலி, எண்ணூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் மருத்துவன் என்ற முறையில், உறக்கம் குறித்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வியாசர்பாடி, ஒரு தாய்): கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு இரவு 3 மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை, விட்டால் பகல் 11 மணிக்குத்தான் எழுகிறான். 6 மணிக்கே எழுப்பி மொட்டை மாடி வெயிலில் நிறுத்திப் பார்த்தேன், பலன் இல்லை. இது சோம்பேறித்தனமா, நோயா?

பதில்: விடுமுறை நாள்களில் 3 மணி முதல் 11 மணி வரை இடையில் விழிக்காமல் தூங்கித் தெளிவாக எழுகிறான் என்றால், அது சோம்பேறித்தனமும் அல்ல, தூக்கமின்மையும் அல்ல, அவனுடைய உடற்கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. பதின்வயதிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் அது இயல்பாகவே பின்தங்கும். சிலருக்கு அளவு மீறிப் போய்விடுகிறது.

நீங்கள் செய்த வைத்தியம்தான் இங்கே எதிராக வேலை செய்திருக்கிறது, அம்மா. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் இடத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதுதான் முக்கியம். தூக்கத்தில் உடல் வெப்பம் படிப்படியாக இறங்கி, இயல்பாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு மிகக் கீழே போகும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் தூக்க நேரத்தை முன்கூட்டிக் கொண்டுவரும். அதற்கு முன்பு படும் வெளிச்சமோ இன்னும் தள்ளிப்போடும். உங்கள் மகனுக்கு அந்த நேரம் காலை 9 மணி வாக்கில் வருகிறது. ஆகவே நமக்குக் காலை வெயிலாகத் தெரிவது, அவனுடைய மூளைக்கு நடுராத்திரியில் போட்ட விளக்கு.

விடுமுறையில் தொடங்குங்கள். முதலில் 10.30 மணிக்கு எழுப்பி, அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருக்கச் செய்யுங்கள். பிறகு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னே கொண்டுவாருங்கள். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டு விளக்குகளையும் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் விட்டுக்கொடுத்தாலும் கடிகாரம் பழைய இடத்துக்கு ஓடத் தொடங்கும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): என் தந்தைக்கு 72 வயது. இரவு 7.30 மணிக்குத் தூங்கி 2.30 மணிக்கு எழுந்துவிடுகிறார். மருந்து தேவையா?

பதில்: 7 மணி நேரம் தூங்குகிறார், குறையொன்றும் இல்லை. அவருக்கே அது தொல்லையாக இருந்தால் மட்டும், மாலை 5 மணிக்கு மேல் நடைப்பயிற்சியை வைத்து, இருட்டிய பிறகும் நல்ல வெளிச்சத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி (காசிமேடு, மீன் வியாபாரம் செய்யும் பெண்): ஏலத்துக்காக 1.30 மணிக்கு எழுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் தடைக்காலம் முடிந்து மறுபடி தொடங்கும்போது பத்து நாளைக்கு வயிறும் தலையும் கெட்டுப்போகின்றன. ஏன்?

பதில்: நேரம் மாறும் தூர நாடுகளுக்குப் பறக்கும் விமானப் பயணிகள் இதே தொல்லையைச் சொல்லி மருத்துவரிடம் போவார்கள், நீங்கள் ஊரைத் தாண்டாமலே அந்த அவதியைப் படுகிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதபோது, உங்கள் உடல் சாதாரண இரவுக்குப் பழகிவிடுகிறது. உடற்கடிகாரம் ஒரு நாளில் சுமார் 1 மணி நேரம்தான் நகரும்; முன்கூட்டித் தூங்கும் திசையில் அதைவிடவும் மெதுவாகவே நகரும். குடலுக்கும் கல்லீரலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு என்பதால்தான் வயிறும் சேர்ந்து கெடுகிறது. தடைக்காலத்தின் கடைசி ஒரு வாரத்தில், தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து எழுங்கள். சாப்பாட்டையும் அதேபோல முன்னே நகர்த்துங்கள். தூக்கத்தை இரவில் 4 மணி நேரம், மதியம் 3 மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம், ஆனால் நேரம் தினமும் மாறக்கூடாது.

கேள்வி (மணலி, ஆலை ஊழியர்): எங்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்து வந்தால் பகலில் 4 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை. மெலடோனின் மாத்திரை போடலாமா?

பதில்: வேலை முடிந்து வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கும் வெயில்தான் முதல் எதிரி. கம்பெனி பஸ்ஸில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தத் தூக்கக் கலக்கத்தில் இருசக்கர வாகனம் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஜன்னலுக்குக் கனமான திரையைப் போடுங்கள். இரவு வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரமாவது தூங்குங்கள். பாதி ஷிப்ட் கடந்த பிறகு தேநீர் வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்.

மெலடோனின் தூக்க மாத்திரை அல்ல. இருட்டிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் செய்தி அது. தவறான நேரத்தில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். மருத்துவரிடம் உங்கள் ஷிப்ட் அட்டவணையைக் காட்டாமல் வாங்காதீர்கள். சங்கத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், சுழற்சி காலை, மதியம், இரவு என்ற வரிசையில் போகிறதா என்று கேளுங்கள். மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், இந்த வரிசையை உடல் எளிதாக ஏற்கும். இரவு வேலையைப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடிய காரணிகளின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லேயே சேர்த்திருக்கிறது. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி (பெரம்பூர், பார்வையற்ற ஆசிரியர்): சில வாரங்கள் நன்றாகத் தூங்குகிறேன், அடுத்த சில வாரங்கள் இரவெல்லாம் விழிப்பு, வகுப்பில் தூக்கம். பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. இது மனப்பிரச்சினை என்கிறார்கள்.

பதில்: இல்லை, ஐயா. 1729-இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே இலைகள் தினமும் விரிந்து மூடின. வெளிச்சம் இல்லாவிட்டாலும் கடிகாரம் ஓடும். ஆனால் திருத்துவதற்கு ஆள் இருக்காது. உங்கள் சுற்று 24.5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு அரை மணி தள்ளிப்போய், 48 நாளில் பழைய இடத்துக்கு வந்து சேரும். நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் அதுவாகவே இருக்கலாம். இரண்டு மாதம் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் பதிவு செய்துகொண்டு தூக்கவியல் மருத்துவரைப் பாருங்கள். மெலடோனின் உண்மையில் பயன்படும் இடம் இதுதான்: குறைந்த அளவு, தினமும் ஒரே நேரம்.

கேள்வி (எண்ணூர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்): துறைமுக வரிசையில் இரவெல்லாம் காத்திருக்கிறேன். எனக்கும் இந்தக் கடிகாரக் கோளாறுதானா?

பதில்: உங்களுக்குத் தூங்க நேரமே கிடைப்பதில்லை, அது கோளாறு அல்ல, கடன். வரிசை நிற்கும்போது வண்டியை அணைத்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்ததும் கால் மணி நேரம் கழித்தே ஓட்டுங்கள். பெருங்குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால் அது வேறு நோய். அதற்கு உடனே பரிசோதனை தேவை.