முட்டி வலியோடு குதிக்கச் சொல்லலாமா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஈரோட்டுப் பக்கம் 28 வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் கேட்பதற்கு ஆள் இருக்கும் என்று தெரியும், ஆனால் இத்தனை அம்மாக்கள் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஐந்து கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், பையன் ஒன்பதாவது படிக்கிறான், வாலிபால் ஸ்பைக்கர், வலைப்பக்கம் எம்பிக் குதித்துப் பந்தை அடிக்கிறவன். நாலு மாசத்தில் மடமடவென்று வளர்ந்துவிட்டான். முட்டிக்குக் கீழே மேடு தட்டியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். வலியைத் தாங்கினால்தான் ப்ளேயர் என்று சார் சொல்கிறாராம். மாவட்டப் போட்டி வருகிறது. என்ன செய்யட்டுமுங்க?
– ஓர் அம்மா, கோபிசெட்டிபாளையம்

முதலில் குதிப்பதை நிறுத்துங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த வயதில் எலும்பு சட்டென்று நீளும், தொடைத் தசை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் இறுக்கமாகவே நிற்கும். அந்தத் தசையின் நார் முட்டிச் சில்லைத் தாண்டி வந்து, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. வளர்கிற பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் இறுகாத குருத்தாக இருப்பதால், ஒவ்வொரு தாவலுக்கும் அதைப் பிடித்து இழுத்தபடியே இருக்கும். அதனால்தான் வலி, அதனால்தான் மேடு. டாக்டர்கள் இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பேர் சொல்வார்கள். பெரும்பாலும் வளர்த்தி நின்றதும் தானாக அடங்கிவிடும், மேடு மட்டும் சிலருக்கு அப்படியே தங்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது அடங்க நாம் விட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், இதே வலியோடு இருந்த ஒரு பையனைக் குறுவட்டப் போட்டி இறுதி ஆட்டத்தில் இறக்கினேன். அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், வலிக்கிறது என்றும் தெரியும். ஜெயித்தோம். திங்கட்கிழமை காலையில் அவன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, எங்க அப்பத்தா இறங்குவது போல இறங்கினான். பதினாலு வயசு. அந்த வருஷம் முழுக்க அவன் மைதானத்துப் பக்கம் வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, அவன் வலியைச் சொல்லியும் நான்தான் கேட்கவில்லை.

அதனால் உங்கள் பையனுக்குச் சொல்கிறேன். தாவுவதும், வேகமாக ஓடித் திடீரென்று நிற்பதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நின்று சர்வீஸ் போடலாம், விரல் பாஸ் பழகலாம், ஓரத்தில் உட்கார்ந்து எதிர் டீம் வலைக்கு மேலே பந்தைத் தடுக்க (பிளாக்) எப்படி எழும்புகிறது என்று பார்க்கலாம். ஆடி முடித்த பிறகு துணியில் ஐஸைச் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிஷம் ஒத்தடம். வலி தணிந்ததும் தொடை முன்தசையைத் தினமும் மெதுவாக நீட்டிவிட வேண்டும். நொண்டினாலோ, முட்டியே வீங்கினாலோ, ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ தாமதிக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்க. சாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், டாக்டர் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்குவமாகப் பேசுங்க, பெரும்பாலான சார்கள் புரிந்துகொள்வார்கள்.

பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. அந்தப் பையனுக்குப் பிறகு பி.டி. ரூம் கதவு நிலையில் மாசா மாசம் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் பேரும் எழுதி வைத்தேன். எந்தக் கோடு திடீரென்று மேலே ஏறுகிறதோ, அந்தப் பிள்ளைக்கு அந்த மாசம் தாவல் பாதி. காசு செலவில்லாத வேலை. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும் கொடுங்கள், போட்டி நெருங்கும்போதும்கூட.

கபடிப் பிள்ளைகள் போட்டியின் எடை வரம்பைத் தாண்டக் கூடாது என்று, எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் பட்டினி கிடக்கிறார்கள், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், இதுதான் வழக்கம் என்கிறார்கள்.
– ஓர் ஆசிரியர், தாராபுரம்

வழக்கம்தான், விட வேண்டிய வழக்கம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் ஓடி வேர்வையில் எடை குறைப்பதையும் பார்த்திருக்கிறேன். குறைவது சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை, வெறும் தண்ணீர். அந்த உடம்போடு ரைடு போகிற பையனுக்குத் தலை சுற்றும், தசை பிடிக்கும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

போட்டிக்கு மூன்று மாசம் முன்பே எடை பாருங்கள். வளர்கிற பையன் வரம்பைத் தாண்டப் போகிறான் என்றால் தாண்டட்டும், அவனை அடுத்த பிரிவுக்குத் தயார் செய்யுங்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சாப்பாட்டைப் பேசுங்கள். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு, முட்டை, கடலை, நீர்மோர், இதெல்லாம் இங்கே எல்லா வீட்டிலும் முடிகிற சாப்பாடுதான். டீமில் இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளை பட்டினி கிடக்கிறது, அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுக்க முடியும்.

லேட்டாக வந்தால் பத்து ரவுண்டு ஓடவிடுவது சரியா?
– வாசகர், காங்கயம்

சரியில்லை. எந்த ஓட்டத்தை அவன் ஆசையாக ஓட வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதையே தண்டனையாக்கினால் அவன் அதை வெறுக்கத்தான் செய்வான். டவுன் பஸ் வரவில்லையா, தறிக்குப் போய்விட்டு வருகிறானா என்று கேட்டுப் பாருங்கள். அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், 2009 கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்திருக்கிறது.

மகன் பத்தாவது. ஒரு வருஷம் விளையாட்டை நிறுத்திவிடலாமா?
– ஓர் அப்பா, பல்லடம்

குறையுங்க, நிறுத்த வேண்டாம். வாரம் ஆறு நாள் போகிறவன் மூன்று நாள் போகட்டும். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீங்க, இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும், நாலு மணிக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்பிவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கும் அனுப்பினால் இரண்டும் ஏறாது. சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. ஆனால் அந்தச் சீட்டுக்காக மட்டும் ஆடச் சொல்லாதீங்க. அப்படி ஆடுகிற பிள்ளைகள் பன்னிரண்டாவது முடிந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நான் பிளஸ் ஒன். 800 மீட்டர் ஓடுறேன். மாசத்துல அந்த நாள்கள்ல சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம லீவு போட்டுடறேன். சார் திட்டறாரு. மத்த நாள்லயும் ஓடினா சீக்கிரம் மூச்சு வாங்குது.
– மாணவி, அவிநாசி

கண்ணு, நீ எழுதினது ரொம்ப நல்லது. உன் பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடித்த ஒரு டீச்சரிடம் போய் இதை அப்படியே சொல்லு, அவங்க சாரிடம் பேசட்டும். அந்த நாளில் ஓடுவதில் தப்பே இல்லை, உனக்கு முடிந்தால் ஓடு, வயிறு வலித்தால் நட, முடியவில்லை என்றால் உட்கார். கறுப்பு டிராக் பேன்ட் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

மூச்சு வாங்குவதை மட்டும் சும்மா விடாதே. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி வரலாம், மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு சாப்பிடு, கூடவே ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே, இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைக்கும்.

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சார்களே, பயிற்சியின்போது ஓர் ஆசிரியையும் மைதானத்தில் இருக்கட்டும். "இன்னிக்கு என்னால முடியலைங்க" என்று ஒரு பெண் சொன்னால் எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள்.

கண்ணு, ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.