எஞ்சின் மாற்றிய பழைய காருக்கு ரேடியேட்டர் ஹோஸ் தேடுவது எப்படி?

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்தான் ரேடியேட்டர் ஹோஸ். எஞ்சினை மாற்றிய வண்டிக்கு மாடல் பெயர் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் ஹோஸ் மாட்டும் முனைகளின் இடமும் அளவும் மாறியிருக்கும். சட்டை தைக்க வயதையா சொல்கிறோம்? அளவுச் சட்டை கொடுக்கிறோம். இங்கே அளவுச் சட்டை ஒரு கெட்டிக் கம்பி. முனைக்கு முனை ஹோஸ் போகவேண்டிய வழியில் அதை வளைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரு முனைகளின் வெளிவிட்டத்தையும் அளந்து, கம்பியோடு கடைக்குப் போங்கள். வேறு வண்டியின் நீள ஹோஸில் அதே வளைவு கிடைத்தால் வெட்டிக்கொள்ளலாம். கீழ் ஹோஸ் பெரும்பாலும் கூலன்ட் பம்ப் உறிஞ்சும் பக்கம். மெலிதாக இருந்தால் உள்வாங்கி அடைத்துக்கொள்ளும்.

முனையைவிடப் பெரிய ஹோஸை கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, ரப்பர் மடிந்து அந்த மடிப்பிலேயே கசியும்.