முன்னால் சாப்பாடு, பின்னால் துப்பாக்கிச் சூடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கய் ரிட்சி இயக்கிய ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ (2015) பார்த்தேன். உடை, கார், இசை எல்லாம் பிரமாதம். ஆனால் படகுத் துரத்தல் சூடுபிடிக்கும் நேரத்தில் நாயகன் லாரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆக்‌ஷன் படத்தில் ஆக்‌ஷனை ஒளித்து வைப்பது ஏமாற்று இல்லையா? இதற்கு மூலமான பழைய தொலைக்காட்சித் தொடரும் இப்படித்தானா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் குறை சொல்லும் காட்சிதான் படத்தின் உயிர். ஃபிரேமில் எது முன்னால், எது பின்னால் என்று கவனித்து மறுபடி பாருங்கள். படகிலிருந்து விழுந்த நாயகன் சோலோ, அமெரிக்க ஒற்றன், நீந்திக் கரையேறி, நின்றிருக்கும் லாரிக்குள் புகுகிறான். உள்ளே சாப்பாட்டுக் கூடை, ஒயின். ரேடியோவில் பெப்பினோ காலியார்டியின் இத்தாலியப் பாட்டு. கண்ணாடிக்கு அப்பால், கூட வந்த ரஷ்ய ஒற்றன் இல்யா படகில் உயிருக்குப் போராடுகிறான். தோட்டாச் சத்தம் பாட்டுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. காட்சி அடிக்கடி இல்யாவின் முகத்துக்கு மாறியிருந்தால் பதற்றம் வந்திருக்கும், சிரிப்பு போயிருக்கும். பிறகு சோலோ லாரியையே தண்ணீருக்குள் பாய்ச்சுகிறானே, அங்கேதான் அவர்கள் கூட்டாளிகள் ஆகிறார்கள். அதற்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

சித்திரவதைக்காரன் ரூடியின் மின்நாற்காலிக் காட்சியிலும் இதே உத்திதான். இருவரும் முன்னால் நின்று அவனை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்க, பழுதான நாற்காலி பின்னால் தானாக வேலையை முடித்துவிடுகிறது. மேலங்கியை உள்ளேயே விட்டுவிட்டோமே என்பதுதான் சோலோவின் கவலை! சோலோவாக நடிக்கும் ஹென்றி கேவில் அதைச் சிரிக்காமல் சொல்வதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

மூலத் தொடர் தடுமாறியது இந்த இடத்தில்தான். 1964 முதல் 1968 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 105 பகுதிகள். சோலோவாக ராபர்ட் வான், இல்யாவாக டேவிட் மெக்கல்லம். ஆபத்து நிஜமாகவும் நகைச்சுவை ஓரமாகவும் இருந்தவரை நன்றாக ஓடியது. 1966இல் ‘பேட்மேன்’ தொடர் பிய்த்துக்கொண்டு ஓட, மூன்றாம் சீசனில் இவர்களும் கோமாளித்தனத்தைக் கூட்டினார்கள். ஒரு பகுதியில் சோலோ கொரில்லாவோடு நடனமே ஆடினான். உலகமே விளையாட்டாகிவிட்டால் ஒற்றனுக்கு என்ன ஆபத்து? பார்வையாளர்கள் விலகினார்கள். நான்காம் சீசனில் மறுபடி இறுக்கமாக்கிப் பார்த்தும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆபத்தும் நகைச்சுவையும் கலக்கும் இந்த அளவைத்தான் ரிட்சி திருத்தியிருக்கிறார். இல்யாவின் கோபமும் அப்பாவின் கைக்கடிகாரமும் கேலிப்பொருள் ஆவதே இல்லை.

உங்கள் புகார் பொருந்துகிற இடம் வேறு: எதிரிகளின் தீவின் மீதான தாக்குதல். அங்கே திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார். அறுபதுகளின் பாணிதான், 1966இன் கார் பந்தயப் படமான ‘கிராண்ட் பிரி’யிலேயே உண்டு. ஆனால் அதில் நமக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் இருந்தார்கள். இங்கே கட்டங்களை நிறைப்பவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத சிப்பாய்கள். கண் எந்தக் கட்டத்தில் நிற்பது? அடுத்த துரத்தலில் இந்தச் சிக்கல் இல்லை. எதிரியின் வண்டிக்குள் சோலோவின் கூட்டாளி கேபி இருக்கிறாள்; யாருக்காகப் பதற வேண்டும் என்று உடனே தெரிந்துவிடுகிறது.