கிண்டிலா, கோபோவா: தமிழ் வாசகருக்கான கணக்கு

வணக்கம் ஐயா. மாதம் இரண்டு புதிய தமிழ் நூல்கள் வாங்குவதாகவும், இலவசத் தளங்களிலிருந்து சேர்த்த ஈபப் (பொதுவான மின்னூல் வடிவம்), பிடிஎஃப் கோப்புகள் ஏராளமாகக் கையில் இருப்பதாகவும், மின்னூல் படிக்கும் கருவிகளான அமேசானின் கிண்டில், கோபோ இரண்டில் எது நெடுநாளில் சிக்கனம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

கருவியின் விலை ஒருமுறைச் செலவு. புத்தகச் செலவோ மாதந்தோறும் தொடர்வது. புதிய தமிழ் நூல்கள் பெரும்பாலும் அமேசானில்தான் மின்னூலாகக் கிடைக்கின்றன என்பதால், தங்களுக்குக் கிண்டிலே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அங்கு வாங்கும் நூல்களில் பெரும்பாலானவை நகலெடுப்பதைத் தடுக்கும் மின்பூட்டுடன் (டிஆர்எம்) வருவதால் கோபோவில் திறக்காது. 2025 பிப்ரவரியில், வாங்கிய, பூட்டுள்ள நூலைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் கருவியை மாற்ற நேர்ந்தால், இதுவே பெருஞ்செலவாகும்.

ஈபப் கோப்பைக் கோபோ நேரடியாகவே படிக்கும். கிண்டிலில் கேபிள் வழியாக நகலெடுத்தால் அது பட்டியலில் தோன்றவே தோன்றாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பினால் மாற்றப்பட்டு வந்து சேரும், அல்லது காலிபர் மென்பொருளில் கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவமாக மாற்றி ஏற்றலாம். பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் ஏ4 தாள் அளவுப் பிடிஎஃப்கள் ஆறு அங்குலத் திரையில் எறும்பு எழுத்தாகத் தெரியும். எந்தக் கருவியை வாங்கினாலும் இச்சிக்கல் உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்னும் இலவச மின்னூல் தளம் ஆறு அங்குலப் பிடிஎஃப்பையும் தனியாகத் தருகிறது; அதை இறக்கிக்கொள்ளுங்கள்.