முத்திரை இருக்கிறது, யாருடைய முத்திரை?

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் முடக்கில் ஒரு வீடு கட்டுகிறார்கள். உடைத்த பழைய சுவர், கல், கம்பித்துண்டு எல்லாம் நடைபாதையில்தான் கிடக்கிறது. எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன், முத்திரை குத்திய பிரதியும் கையில் இருக்கிறது. ஒருவரும் அசையவில்லை. கொடுத்து 18 ஆம் நாள் அம்மா கோயிலால் வரும்போது அதில் தடக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது 4 மாதமாகிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் அவருக்குச் சொந்தக்காரர். தவிசாளரிடம் போனால் கதிரையில் இருக்கக்கூடச் சொல்லவில்லை. சபைக்கு எதிராக 25 இலட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? கல்லை நானே ஜேசிபி பிடித்து அவர்கள் வளவுக்குள் தள்ளலாமா?

பதில்: கதிரை, சொந்தக்காரர், வெளிநாடு மூன்றையும் முதலில் ஒரு பக்கம் வையுங்கள். நீதிமன்றத்தில் அவற்றை ஒருவரும் கேட்கப் போவதில்லை. தவிசாளர் எந்தக் கட்சி என்பதும் வேண்டாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை சபைச் செயலாளர்கள்தான் நிர்வாகம் நடத்தினார்கள். அப்போதும் சபை சபைதான். வழக்கு ஆளின் மேல் இல்லை, சபையின் மேல்.

கேட்கப்படுவது ஒன்றுதான்: அந்த நடைபாதைக்குப் பொறுப்பானவருக்கு, அம்மா விழுவதற்கு முன்பே, எழுத்தில் தெரியுமா?

நீங்கள் அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல மையில், கொஞ்சம் சரிந்து விழுந்த முத்திரை. திகதி தெளிவாக இருக்கிறது. நடுவில் இருக்கும் எழுத்து 'பிரதேச செயலகம்'. பிரதேச சபை அல்ல.

இரண்டும் ஒன்றென்று நினைத்து வருபவர்கள் வன்னியில் நிறையப் பேர். காணி, வீட்டுத்திட்டம், நிவாரணம் என்று மீள்குடியேறிய நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் செயலகத்துக்கே போய்ப் பழகிவிட்டோம். ஆனால் செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். சபை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தனிச் சட்ட ஆள், அதாவது தன் பெயரிலேயே வழக்காடக்கூடிய அமைப்பு. அங்கே கொடுத்த கடிதம் இங்கே கொடுத்ததாகாது. "அவர்கள் அனுப்பியிருப்பார்கள்தானே" என்று நீங்கள் சொல்லலாம். அனுப்பியிருந்தால் சபையின் உள்வரும் கடிதப் பதிவேட்டில் இருக்கும். 2016 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அதே விண்ணப்பத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த முடக்கு யாருடைய வீதி?

இது சின்ன விசயமில்லை. ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. உள் வீதி பிரதேச சபையினுடையதாக இருக்கலாம், மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையதாகவும் இருக்கலாம். குவியல் கிடப்பதோ சரியாக முடக்கில். பிரதான வீதிக்கென்று ஒதுக்கிய நிலம் எது வரை வருகிறது என்று அளக்காமல் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு மறுமொழியில் ஒரே ஒரு வரி எழுதும்: "அது எங்கள் வீதி அல்ல." அந்த ஒரு வரியோடு ஒரு வருடம் போய்விடும்.

உங்களிடம் ஒரு வருடம் இல்லை என்பதுதான் பெரிய ஆபத்து. இந்தக் கால எல்லையில் மாட்டிய ஆட்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சாதாரண நட்டஈட்டு வழக்குக்குக் கால எல்லை 2 வருடம். யாரோ அதைச் சொல்லிவிடுவார்கள், இவர்களும் ஆறுதலாக இருந்துவிடுவார்கள். பிரதேச சபைக்கு எதிரான வழக்கு அப்படியில்லை. முதலில் 1 மாத எழுத்து முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குப் போடும் எல்லையும் வருடக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்தான். நட்டஈடு கேட்டு சபைக்கு ஒரு கடிதம், பதில் இல்லை, நினைவூட்டல் கடிதம், "அடுத்த அமர்வில் பார்க்கிறோம்", ஆளுநருக்கு மனு, பத்திரிகையில் ஒரு படம்... ஆள் என்னிடம் வந்து சேரும்போது கோப்பு இரண்டு அங்குலத் தடிப்பு, வழக்கு செத்துப்போயிருக்கும். கடிதம் எழுதுவதால் கடிகாரம் நிற்காது. உங்களுக்கு 4 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. முன்னறிவித்தல் கொடுப்பதென்றால் இந்தக் கிழமையே கொடுக்க வேண்டும். வீதி எந்த அலுவலகத்தினுடையது என்று உறுதியில்லாவிட்டால் மேலே சொன்ன வீதிக்காரர் மூன்று பேருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும்.

அப்புறம், நீங்கள் பெருமையாக வைத்திருக்கும் அந்தக் கடிதம் எதிர்த்தரப்புக்கும் உதவும். "குவியல் கிடப்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் 18 நாளாகத் தெரியும், பிறகும் அம்மா அதன் மேலால் நடந்திருக்கிறா" என்று கேட்பார்கள். வழக்கு அதனால் அடியோடு விழாது. பங்களிப்புக் கவனயீனம் பற்றிய 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவவின் பங்கு எவ்வளவோ அவ்வளவு நட்டஈடு குறையும். மணிக்கட்டு முறிவுக்கு 25 இலட்சம் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அதிலிருந்துதான் இதையும் கழிக்கப் போகிறீர்கள்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். அடுத்தவர் வளவுக்குள் கொட்டினால் அன்று பின்னேரமே பொலிஸில் நீங்கள் எதிராளி. வழக்குக்கு வேண்டிய சான்றையும் நீங்களே அள்ளிப் போட்டதாகிவிடும். போர்க்காலத்துச் சுவரை உடைத்த மண்ணுக்குள் கல்லும் கம்பியும் மட்டும்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம், வெடிக்காத பொருளும் இருக்கலாம். சந்தேகமான இரும்பு கண்ணில் பட்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். குவியலை அகற்ற வழி இருக்கிறது: பொதுத்தொல்லை என்று நீதவானிடம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் நிபந்தனைக் கட்டளை (அகற்று, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்ற கட்டளை) கேட்பது. அது கொட்டியவரையே அள்ள வைக்கும்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? சபையை விட்டுவிட்டு, கொட்டியவரைப் பிடிப்பேன். அவருக்கு எதிராக 2 வருடக் கணக்கு இருக்கிறது, முன்னறிவித்தல் தொல்லையும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஆளுக்கு அழைப்பாணை அனுப்புவது பெரிய இழுவை. ஆனால் கொட்டியது அவருடைய கை இல்லை. வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் தினமும் அதே வளவில்தான் நிற்கிறார். வழக்கு என்றால் கட்டுமானம் தடைப்படும் என்ற பயம் இரண்டு பேருக்குமே இருக்கும். அந்தப் பயம் வீடு முடியும் வரைதான், குடிபூரல் நடந்தால் பேச வரமாட்டார்கள். வைத்தியச் செலவு, போக்குவரத்து, அம்மா சமைக்க முடியாமல் ஆள் வைத்த செலவு, வலிக்கு ஒரு நியாயமான தொகை. இதை வாங்கிக்கொண்டு, குவியலை இத்தனையாம் திகதிக்குள் அகற்றுவதாகவும் எழுத வைத்து முடியுங்கள்.

முடிக்கும்போது ஒரு கவனம். பொலிஸ் நிலையத்தில் 20 ஆயிரத்தைக் கையில் தந்து "பிரச்சினை தீர்ந்தது" என்று புத்தகத்தில் ஒப்பம் வாங்கிவிடுவார்கள். பிறகு கை சரியாகப் பொருந்தவில்லை, இரண்டாவது சத்திரசிகிச்சை என்று வந்தால் அந்த ஒப்பம்தான் முன்னால் வந்து நிற்கும். எலும்பு வைத்தியர் இனிச் சிகிச்சை தேவையில்லை என்று எழுதித் தரும்வரை எதிலும் ஒப்பம் வேண்டாம். விழுந்தது அம்மா, உரிமையும் அம்மாவினுடையது. நீங்கள் வைக்கும் ஒப்பத்தால் ஒன்றும் முடியாது, நீங்கள் வழக்காளியாகவும் முடியாது.

வரும்போது அம்மாவையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் கொண்டு வாருங்கள். தவிசாளர் பேசியதைப் பதிவு செய்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம்.