கறுப்புக் கட்டை ஐந்து, ராகமும் ஐந்து

கேள்வி: எங்கள் பள்ளியில் நவராத்திரிக்குக் கர்நாடக இசைக் கச்சேரி வைக்கிறோம். போன வருடம் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். சினிமாப் பாட்டு சேர்த்தால்தான் உட்காருவார்களா?
– ஆசிரியை ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சேர்க்க வேண்டாம் டீச்சர். உங்கள் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோயில் உற்சவத்தில், ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கும் பஞ்சாரி மேளம் என்ற செண்டை மேளம் 48, 24, 12 என்று குறைந்து 6-க்கு வரும்வரை கையை வீசிக்கொண்டு நிற்பது இதே பிள்ளைகள்தான். மேளம் எந்தக் காலத்தில் போகிறது என்று அங்கே அவர்களுக்குத் தெரியும். கச்சேரியில் அந்தப் பிடி கிடைப்பதில்லை. அதை முதல் இருபது நிமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கீபோர்டு போதும். போனில் உள்ள கீபோர்டு செயலியும் சரி. மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதை (நாலரைக் கட்டை, அதாவது F ஷார்ப்) ஆதார சுரமான ‘ச’வாக வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகன ராகம். அடுத்த கறுப்பில் தொடங்கினால் மத்யமாவதி. அதற்கடுத்தது இந்தோளம். பிறகு இரட்டைக் கட்டையில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள்தான், ‘ச’ மட்டும் இடம் மாறுகிறது. கிரக பேதம் என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கவிடுங்கள்.

பலர் சறுக்குவது தம்புராவில். ‘ச’ மாறும்போது தம்புரா சுருதியையும் அதே கட்டைக்கு மாற்ற வேண்டும். அது நாலரையிலேயே ஒலித்துக்கொண்டிருந்தால், எங்கே தொடங்கி வாசித்தாலும் காதுக்கு மோகனமாகத்தான் கேட்கும். இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அதற்கு மட்டும் மத்யம சுருதி (தம்புராவில் ‘ப’வுக்குப் பதில் ‘ம’) வையுங்கள். கீபோர்டில் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவதும்) வராது. ஆகவே ஒவ்வொன்றையும் வாசித்த கையோடு, பாடகர் தம் சுருதியில் அதே ராகத்தை ஒரு நிமிடம் பாடட்டும். கச்சேரியில் இந்த ஐந்தில் மூன்று ராகமாவது வந்தாக வேண்டும். மொத்தம் எழுபத்தைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள்.

கேள்வி: தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் கூட்டம் டீ குடிக்கப் போகிறது. எடுத்துவிடலாமா?
– விழாக் குழுவினர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இருந்துகொண்டு தனியை எடுக்கலாமா? ஆறு நிமிடமாகச் சுருக்குங்கள், எடுக்காதீர்கள். முன்னதாகவே ஆதி தாளத்தைச் சொல்லிக் கொடுங்கள்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான். எல்லோரும் ஓங்கித் தட்டினால் காலப்பிரமாணம் (வேகம்) ஓடிவிடும், மிருதங்கமும் கேட்காது. தொடையில் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். பாடகர் கையை உயர்த்தி எல்லோருக்கும் தெரியும்படி தாளம் போடட்டும்.

மிருதங்கக்காரர் திரைக்குப் பின்னால் தயாராகிவிட்டு வர வேண்டாம். ரவை ஒட்டாத தொப்பியை (மிருதங்கத்தின் இடப் பக்கத்தை) ஒருமுறை தட்டிக் காட்டட்டும். பிறகு தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை அதன் நடுவில் வட்டமாக ஒட்டி, மறுபடி தட்டட்டும். வெறும் தோல் சத்தம் ‘தொம்’ என்று கனத்து இறங்குவதை முன் வரிசைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். ரவை காய்ந்தால் அந்தக் கனம் போய்விடும். தனிக்கு முன் விரலால் கொஞ்சம் தண்ணீர் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.