ஊர்க் கோயில் கட்டுரையில் நான் சேர்ப்பதை ஒருவர் திரும்பத் திரும்ப நீக்குகிறார். விக்கிப்பீடியாவில் இதை எப்படித் தீர்ப்பது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: இளையாத்தங்குடிக் கோயில் பற்றிய கட்டுரையில் "இக்கோயில் கி.பி. 707-இல் நகரத்தாருக்கு வழங்கப்பட்டது" என்று எழுதினீர்கள். இன்னொரு பயனர் நீக்கினார். நீங்கள் திருப்பிப் போட்டீர்கள், அவர் மறுபடி நீக்கினார். இனி யாரிடம் முறையிடுவது?

யாரிடமும் போவதற்கு முன்னால், திருப்பிப் போடுவதை நிறுத்துங்கள். கட்டுரை ஒரு வாரம் உங்களுக்குப் பிடிக்காத நிலையில் கிடந்தால் குடிமுழுகிப் போகாது. உங்கள் வரி தொலைந்துவிடவும் இல்லை. கட்டுரையின் தொகுப்புகளைப் பதிவுசெய்யும் வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பும் தேதி, நேரம், பயனர் பெயரோடு அப்படியே இருக்கிறது. ஆனால் மூன்றாம் முறை திருப்பியதும் நிலைமை மாறிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நிர்வாகிக்கு யார் சொல்வது சரி என்பது முதலில் தெரியாது, இரண்டு பேர் மல்லுக்கட்டுவதுதான் தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் செய்ததை மாற்றியமைத்தால் தடை விழலாம். வெவ்வேறு வரிகளை மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான். நாசவேலையை நீக்குவது, உயிரோடிருப்பவர் மீதான ஆதாரமற்ற அவதூறை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. எந்த விக்கியாக இருந்தாலும், ஒரு நாளைக்கு இரண்டு என்று அளந்து திருப்புகிறவரையும் சண்டைக்காரராகத்தான் கருதுவார்கள்.

அடுத்து, அந்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அவர் செய்த மாற்றத்தின் வேறுபாட்டை, அதாவது முன்பதிப்பும் பின்பதிப்பும் அருகருகே தெரியும் காட்சியைப் பாருங்கள். எந்தச் சொற்கள் போயின, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) என்ன காரணம் எழுதினார் என்று நிதானமாகப் படியுங்கள். சில சமயம் யாரும் எதையும் வேண்டுமென்று நீக்கியிருக்க மாட்டார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொகுத்து, இரண்டாமவர் தன் பழைய நகலைச் சேமித்திருப்பார். அப்படி இல்லையென்றால், செட்டிநாட்டு ஊர்க் கட்டுரைகளில் நீக்கத்துக்குப் பெரும்பாலும் சில காரணங்களே இருக்கும். சான்று இல்லை. குடமுழுக்கு மலரிலிருந்தோ வலைப்பதிவிலிருந்தோ பத்தி பத்தியாக அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறது, அதாவது பதிப்புரிமைச் சிக்கல். "மிகவும் சக்தி வாய்ந்த", "உலகப் புகழ் பெற்ற" என்று புகழுரை ஏறியிருக்கிறது. அல்லது கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் காரியக்காரர்கள் பெயர், வீட்டு விலாசம், கைபேசி எண் என்று தனிநபர் விவரம் சேர்ந்திருக்கிறது. இவற்றில் பின்னைய மூன்றுக்கும் வாதாட இடமே இல்லை, விட்டுவிடுங்கள். முதலாவதில்தான் வேலை இருக்கிறது.

உங்கள் 707-க்கு வருவோம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) நூல்களில், அச்சமூகத்தின் ஒன்பது பிரிவுகளுக்கும் உரிய நகரக் கோயில்களுக்கு வரிசையாக ஆண்டுகள் உண்டு. இளையாத்தங்குடிக்கு 707 என்று தொடங்கும் அந்த வரிசை மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று போகும். இது சமூகத்தின் மரபு வரலாறு. எட்டாம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டு இதைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. கல்வெட்டைக் கேட்டு அவர் நீக்குகிறார், மரபை வைத்து நீங்கள் சேர்க்கிறீர்கள். இருவரும் நேர்மையாகவே இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை எழுதுகிறீர்கள். வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"நகரத்தார் மரபு வரலாற்று நூல்கள், இக்கோயில் கி.பி. 707-இல் பாண்டிய மன்னரால் நகரத்தாருக்கு வழங்கப்பட்டதாகக் குறிப்பிடுகின்றன."

இதன் அடியில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண். கல்வெட்டு ஆய்வு நூல் ஏதும் கோயிலின் காலத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அதை அடுத்த வாக்கியமாக, அதற்குரிய சான்றோடு எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். பிள்ளையார்பட்டியில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதில் வரும். குடைவரை எப்போது குடையப்பட்டது என்பதும், கோயில் நகரத்தார் பொறுப்புக்கு எப்போது வந்தது என்பதும் தனித்தனிச் செய்திகள். கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க விவர அட்டவணையான தகவல் பெட்டியில் "கட்டப்பட்ட ஆண்டு" என்ற ஒரே கட்டத்தில் இரண்டையும் திணித்தால் சண்டை ஓயாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, விஷயத்தைக் கட்டுரை உடலில் விரித்து எழுதுவதுதான் வழி. விவாதத்துக்குரிய எதையும் தகவல் பெட்டியில் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கே "என்று கருதப்படுகிறது" என்று எழுத இடம் கிடையாது.

நம் பகுதிக் கட்டுரைகளில் இப்படி இரண்டு கேள்விகள் ஒரு வரியில் முட்டிக்கொள்வது சாதாரணம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் தொடக்கம் 1948 என்று ஒருவரும் 1953 என்று இன்னொருவரும் மாற்றி மாற்றிப் போடலாம். நேரு அடிக்கல் நாட்டியது 25 ஜூலை 1948, திறப்பு விழா நடந்தது 14 ஜனவரி 1953. இரண்டு தேதியையும் எழுதிவிட்டால் சச்சரவுக்கு வேலையில்லை. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி எந்த மாவட்டம்? அவர் பிறந்த 1927-இல் இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். "சிறுகூடல்பட்டி, இராமநாதபுரம் மாவட்டம் (இன்றைய சிவகங்கை மாவட்டம்)" என்று எழுதுங்கள். காரைக்குடி மக்கள்தொகை 1.06 லட்சமா, 1.81 லட்சமா? 2011 கணக்கெடுப்பில் முதலாவது அப்போதைய நகராட்சி எல்லைக்கு உரியது, இரண்டாவது சுற்றுப்பகுதிகளும் சேர்ந்த நகரத் திரளுக்கு உரியது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆன பிறகு எல்லையும் மாறியிருப்பதால், எண்ணை எழுதும்போது எந்த ஆண்டு, எந்த எல்லை என்பதைக் கூடவே எழுதாவிட்டால் அடுத்து வருகிறவர் நல்லெண்ணத்தோடு "திருத்தி" விடுவார். செட்டிநாட்டு ஊர்கள் 96 என்பதும், இன்று எழுபதுகளில் ஒரு எண் என்பதும் இதே வகைதான். பழைய கணக்கு ஒன்று, இன்று எஞ்சியிருப்பது ஒன்று. "96 ஊர்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது, இன்றைய எண்ணிக்கையை இன்ன நூல் இவ்வளவு என்கிறது" என்று காலத்தைப் பிரித்துவிட்டால் போதும்.

இனி பேச்சுப் பக்கம், அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் பயனருக்கும் உள்ள உரையாடல் பக்கம். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும், அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்தில் அல்ல. அங்கே எழுதினால் அது இரண்டு பேர் விவகாரமாகச் சுருங்கிவிடும். கட்டுரைப் பக்கத்தில் எழுதினால் மாற்றங்களைத் தொடர்ந்து பார்க்கத் தங்கள் கவனிப்புப் பட்டியலில் அதை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும், மூன்று வருடம் கழித்து வருகிறவருக்கும் தெரியும். நான்கு விஷயம் இருந்தால் போதும்: எந்த வரி, எந்த மாற்றம் (வேறுபாட்டு இணைப்போடு), உங்கள் சான்று பக்க எண்ணுடன், நீங்கள் முன்வைக்கும் புது வாக்கியம். இப்படி:

"வணக்கம் ஐயா. 'கி.பி. 707' என்ற வரியைச் சான்றில்லை என்று நீக்கியிருந்தீர்கள். கல்வெட்டுச் சான்று எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் இது மரபுச் செய்தியாக இந்த நூலின் இன்ன பக்கத்தில் இருக்கிறது. 'மரபு வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன' என்று மாற்றிச் சேர்க்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், ஒரு வாரம் காத்திருக்கிறேன்."

முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமிடுங்கள், அவருடைய பயனர் பெயரை இணைத்து அழையுங்கள். அறிவிப்பு போவதற்கு இரண்டும் ஒரே சேமிப்பில் இருக்க வேண்டும். கையொப்பத்தை மறந்துவிட்டுப் பிறகு தனியாகச் சேர்த்தால் அவருக்கு அறிவிப்புப் போகாது. பதில் வரவில்லையே என்று நீங்கள் கோபப்படுவீர்கள், அவருக்கோ நீங்கள் எழுதியதே தெரிந்திருக்காது.

அந்தச் செய்தியில் என்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். "நான் இந்த ஊர்க்காரன்", "உங்களுக்கு எங்கள் பக்கத்து வரலாறு என்ன தெரியும்" என்ற பேச்சு இல்லை. ஊர்க்காரராக இருப்பதால் எந்த நூலில் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அது பெரிய அனுகூலம்தான். ஆனால் சான்றின் இடத்தை அது நிரப்பாது. அவரவர் சாதி, மதம், கட்சி பற்றிய ஊகம் ஒரு சொல்கூட வரக்கூடாது. வந்த கணமே உள்ளடக்க விவாதம் முடிந்து நடத்தை விவாதம் தொடங்கிவிடும், உங்கள் 707-ஐ யாரும் அப்புறம் பேச மாட்டார்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் திருத்திய வாக்கியத்தைச் சேர்த்து, தொகுப்புச் சுருக்கத்தில் "பேச்சுப் பக்கம் காண்க" என்று எழுதுங்கள். பதில் வந்து உடன்பாடு எட்டவில்லை என்றால், இதில் இதுவரை தலையிடாத, கோயில் அல்லது வரலாற்றுக் கட்டுரைகளில் அனுபவமுள்ள ஒருவரைக் கருத்துக் கேளுங்கள். அழைப்பு நடுநிலையாக இருக்கட்டும். "எனக்கு ஆதரவாக எழுதுங்கள்" என்று கேட்காமல் "இந்த உரையாடலில் உங்கள் கருத்துத் தேவை" என்று கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இரண்டே வரியில் விஷயத்தைச் சொல்லி, பேச்சுப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். விவாதத்தை அங்கே மறுபடி தொடங்காதீர்கள், இரண்டு இடத்தில் பாதிப் பாதியாகக் கிடந்தால் முடிவெடுக்கவே முடியாது.

நிர்வாகியைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. அவர் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமை அல்ல. 707 சரியா என்று அவர் முடிவு செய்ய மாட்டார். பக்கத்தைச் சில நாள் பூட்டுவார், விதி மீறுகிறவரை எச்சரிப்பார், தேவைப்பட்டால் தடை செய்வார். பூட்டும்போது எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் நிற்கும். அது உங்கள் பதிப்பாக இல்லாவிட்டால் அவர் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார் என்று பொருள் அல்ல. அந்த நாட்களைப் பேசித் தீர்க்கப் பயன்படுத்துங்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் "நம் கோயில் பக்கத்தை ஒருவர் கெடுக்கிறார், எல்லோரும் போய் மாற்றுங்கள்" என்று மட்டும் போடாதீர்கள். இங்கே முடிவு தலையெண்ணி எடுப்பதில்லை, காரணங்களை எடைபோட்டு எட்டும் இணக்க முடிவு. புதிதாகக் கணக்குத் தொடங்கி ஒரே கருத்தைச் சொல்லும் பத்துப் பேரை ஒருவராகத்தான் எண்ணுவார்கள். ஒருவரே பல பெயரில் இயக்கும் கைப்பாவைக் கணக்கு என்ற சந்தேகம் எழுந்து உங்கள் கணக்கும் சேர்ந்து தடைபடலாம். அந்தப் பத்துப் பேரில் இருவர் வீட்டுப் பரணில் பழைய நூல் இருக்கக்கூடும். "இந்த நூல் யாரிடமாவது இருக்கிறதா, தலைப்புப் பக்கத்தையும் இன்ன பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அந்தக் குழுவால் கிடைக்கும் உண்மையான உதவி அதுதான்.

சான்று எங்கே தேடுவது என்றால், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கு 1929-இல் வெளியான புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பு முதல் இடம். சிவகங்கைப் பக்கத்துக்குத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள். பழைய தமிழ் அச்சு நூல்களுக்கு, கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் இயங்கும் நூலகம். குடமுழுக்கு மலர்களை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டு குடமுழுக்கு நடந்தது, எத்தனை சன்னிதிகள் போன்ற சர்ச்சையில்லாத செய்திகளுக்கு அவை செல்லும். "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை" போன்ற உரிமைகோரலுக்குச் செல்லாது, ஏனென்றால் அது கோயிலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது.

சொந்தத் தொழில் சார்ந்த கட்டுரை என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்துகிறவர்களும் அவர்களுக்காக எழுதுகிறவர்களும் கட்டுரையை நேரடியாகத் தொகுக்காமல், பேச்சுப் பக்கத்தில் தங்கள் தொடர்பைச் சொல்லி மாற்றத்தைக் கேட்பதே முறை. கூலி வாங்கித் தொகுத்தால் அதை வெளிப்படுத்துவது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே கட்டாயம்.

கடைசியாக, சான்றே இல்லாத ஊர்ச் செய்திகள். ஐயாவும் ஆச்சியும் சொன்ன விஷயம், எந்த நூலிலும் இல்லை. அது பொய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விக்கிப்பீடியா அதை முதன்முதலில் வெளியிடும் இடமல்ல. அதை எழுதி ஓர் ஆய்விதழிலோ நாளிதழிலோ, உள்ளூர் வரலாற்றை வெளியிடும் பதிப்பகத்திலோ வரச் செய்யுங்கள், வேறொருவர் அதை மேற்கோள் காட்டட்டும். வீட்டில் பழைய அச்சு நூல் இருந்து, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்திருந்தால் அதை வருடி (ஸ்கேன் செய்து), பழைய நூல்களுக்கான விக்கித் திட்டமான விக்கிமூலத்தில் ஏற்றலாம். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். ஆசிரியரின் இறப்பு ஆண்டை நூலின் விவரப் பக்கத்தில் குறிப்பிட மறக்காதீர்கள், ஏற்றிய கோப்பு நீக்கப்படாமல் இருக்க அதுதான் முதலில் பார்க்கப்படும்.